கோயில் வாள், வெட்டரிவாள், வீட்டு அரிவாள் துரு ஏறாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் வாள் என்றால் அநேகமாகக் கோயில் சொத்து. சுடலைமாடன் பீடத்தில் சாத்திய வெட்டரிவாள், சாஸ்தா கோயில் வாள், வல்லயம் (ஈட்டி), சூலம் என்று பலவும் வருஷத்துக்கு ஒரு முறை கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் பூட்டிய அறையில் இருக்கும். வீட்டிலோ தோட்டத்திலோ இருக்கும் அரிவாள் தினமும் கையில் புழங்குவதால் அதற்கு ஆபத்து குறைவு. பூட்டி வைத்த இரும்புதான் கெடும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

போன கொடை முடிந்ததும் தாராளமாக எண்ணெய் பூசித்தான் வைத்தோம். இந்த வருஷம் எடுத்தால் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஏன்?

துடைக்காமல் பூசியிருப்பீர்கள். இரும்பும் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. அதோடு உப்பும் சேர்ந்தால் துரு விரட்டி ஏறும். கொடை ராத்திரியில் அந்த அலகு என்னென்ன பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: கோமரத்தாடியின் (சாமி வந்து ஆடுபவர்) வியர்வைக் கை, ஈரச் சந்தனம், மஞ்சணை (மஞ்சள் குழம்பு), எலுமிச்சைச் சாறு, இளநீர், சில கோயில்களில் ரத்தம். ஒவ்வொன்றிலும் உப்போ அமிலமோ இருக்கிறது.

இவற்றின் மேல் எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் கனமானது, இரும்பை ஒட்டி அடியில் நிற்கும். மூடிபோட்டு ஈரத்தைக் காத்தது போல ஆகிவிடும். இரண்டாவது காரணம், கெட்டியாகப் பூசிய எண்ணெய் நிற்காது. சுவரில் சாய்த்து வைத்த வாளில் ஒரு மாதத்துக்குள் எண்ணெய் எல்லாம் நுனிப் பக்கம் வடிந்து தூசியோடு கட்டிக்கொள்ளும், பிடிக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை வெறும் இரும்பாக நிற்கும். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

அப்படியானால் கொடை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே செய்ய வேண்டும். எட்டாம் நாள் பூஜை வரை போட்டு வைத்தால், அந்த எட்டு நாள் போதும் குழி விழ.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரத்தம் பட்டிருந்தால் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். உப்புச்சுவை உள்ள போர்த் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரை ஒரு குடம் செலவழித்தால் குற்றமில்லை. பிடிக்குள் தண்ணீர் இறங்காதபடி நுனியைக் கீழே சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். சந்தனம் காய்ந்து அப்பியிருந்தால் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டுத் துடையுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

பிறகு காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். கை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும். அடுப்பிலோ தீயிலோ காட்டாதீர்கள். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பட்டறையில் ஏற்றிய பதம் (எஃகின் கடினம்) இறங்கத் தொடங்கும், 300 டிகிரி பக்கம் போனால் அலகில் நீலம் ஓடும். வாய் மழுங்கிக்கொண்டே போகிற அரிவாள்களில் சில இப்படிக் கெட்டவைதான்.

சூடு ஆறியதும், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்தால் பழைய எண்ணெயும் கைரேகையும் மிச்ச ஈரமும் போகும். தீ, விளக்கு, சூடம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதற்கப்புறம் வெறுங்கையால் அலகைத் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருப்பதால், தொட்ட இடத்தில் மழை நாளில் ரேகை ரேகையாகச் சிவப்பு எழும். ஒரு பெருவிரல் அச்சு அப்படியே துருவில் பதிந்திருப்பதைப் பழைய வாள்களில் பார்க்கலாம்.

கடைசியில்தான் எண்ணெய்.

எந்த எண்ணெய் நல்லது? வீட்டில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் இருக்கிறது.

நல்லெண்ணெய் வேண்டாம். காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் பிசினாகும் வகை அது. கோயில் விளக்குத் தண்டில் பழுப்பாக ஏறியிருக்கும் பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள், அலகிலும் அதுதான் ஏறும். அந்தப் பிசுக்கு ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைக்கும், துருவைக் கண்ணுக்கு மறைக்கும். ஆளிவிதை எண்ணெய் முழுக்கவே காய்ந்து தோலாகும், மரப்பிடிக்கு அருமையானது, அலகுக்கு ஆகாது.

தேங்காய் எண்ணெய் இறுகாது, அதனால் தினம் புழங்கும் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் தாராளமாகப் பூசலாம். தின்னும் பொருள் படுகிற இடத்துக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் மாதக்கணக்கில் விட்டால் காறும். காறிய எண்ணெயில் அமிலம் பிறக்கும், அது இரும்பையும் தின்னும், பித்தளையையும் தின்னும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து திட்டுத் திட்டாக நிற்பதால் மார்கழி விடியலில் பூசினால் சீராகப் பரவாது. விளக்கெண்ணெய் அலகில் நன்றாக ஒட்டும், இறுகாது, ஆனால் தூசியை இழுக்கும்.

வருஷம் முழுக்க இருக்க வேண்டியதற்குத் தாவர எண்ணெயை விட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். இன்னும் நல்லது மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின். வாடை இல்லை, காறாது, இறுகாது, கோயிலில் வைப்பதற்கும் சங்கடம் இல்லை. ஜப்பானில் வாளுக்குப் பூசும் மரபு எண்ணெயில் கிராம்பு எண்ணெய் சில துளி சேர்ப்பார்கள். வாசனைக்காக வேண்டுமானால் நீங்களும் சேர்க்கலாம், காப்பது அடியில் உள்ள எண்ணெய்தான்.

ஒர்க்ஷாப்பில் கிடைக்கும் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசலாமா?

கூடாது. வண்டியில் ஓடிக் கழிந்த எண்ணெயில் எரிபொருள் எரிந்த அமிலமும் தண்ணீரும் கரியும் கலந்திருக்கும். துருவைக் காசில்லாமல் வாங்கிப் பூசுவதுதான் அது.

டபிள்யூ.டி. 40 ஸ்பிரே?

ஈரத்தை விரட்டவும் இறுகிய துருவை இளக்கவும் நல்லது. நனைந்த வாளுக்கு உடனே அடிக்கலாம். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சும் படலம் மெல்லியது. அடித்துத் துடைத்துவிட்டு மேலே சரியான எண்ணெய் பூச வேண்டும். அதை மட்டும் நம்பிப் பூட்டி வைக்காதீர்கள்.

எவ்வளவு எண்ணெய் பூச வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக. இரண்டரை அடி நீளமும் நாலு சென்டிமீட்டர் அகலமும் உள்ள அலகின் இரு பக்கமும் சேர்ந்தால் சுமார் 600 சதுர சென்டிமீட்டர். காகிதத்தைவிடப் பல மடங்கு மெல்லிய படலமாக அதை மூட ஒரு மில்லி லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு போதும். துளிக் கணக்கில் எட்டிலிருந்து பத்து.

அந்தத் துளிகளை நேரே அலகில் விடாதீர்கள். உள்ளங்கை அகலத் துணியில் விட்டு, துணியைக் கசக்கி எண்ணெயைப் பரவவிட்டு, பிறகு துடைக்கிற மாதிரி பூசுங்கள். வாய்ப்பக்கம் உங்களை விட்டு விலகி இருக்க வேண்டும். முதுகுப் பக்கத்திலிருந்து துணியால் கவ்வி, பிடியில் தொடங்கி நுனிவரை ஒரே போக்கில் இழுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் என்றாவது ஒரு நாள் கை அறுபடும்.

சரியாகப் பூசியதா என்று பார்க்க ஒரு வழி: அலகை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டது போல மங்கலான ஒரே பூச்சு தெரிந்தால் சரி. முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் அதிகம். நடுவில் பளிச்சென்று வெறும் இடம் தெரிந்தால் அங்கே ஏறவில்லை, மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பூசுங்கள்.

துணியைப் பற்றி ஒரு சொல். பழைய பருத்தி வேட்டிதான் சிறந்தது. கஞ்சியும் நீலமும் சோப்பும் போக வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்தது வேண்டும். கஞ்சி ஈரத்தை இழுக்கும், சோப்பு உப்பை விட்டுப் போகும்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? அதில்தான் துரு வருகிறது என்கிறார்களே.

வைக்காமல் இருக்க வேண்டியதே இல்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் பிரிக்கும்வரை தொடக் கூடாது என்பதால் ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி முழுக்க அலகில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கப் போகிற நேரமும் அதுதான். பொட்டின் நடுப்பகுதியைவிட அதன் ஓரத்தில்தான் வட்டமாகத் துரு பிடிக்கும். ஈரமும் காற்றும் சந்திக்கும் இடம் அது. மறு வருஷம் பார்த்தால் காசு அளவில் ஒரு வளையம் இருக்கும்.

பூஜைக்கு முந்தின நாளே எண்ணெய்க்குப் பதில் மெழுகு பூசி வையுங்கள் (செய்முறை அடுத்த பதிலில்). பொட்டைப் பிடியின் பூணிலோ முதுகுப் பக்கத்திலோ வைக்கலாம், அலகின் முகத்தில்தான் வேண்டும் என்றால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துச் சின்னதாக வையுங்கள். பிரித்த அன்றே துடையுங்கள். விபூதி காய்ந்த பொடிதானே என்று விட்டுவிடுவார்கள், சாம்பலில் உள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம்தான் எல்லாவற்றிலும் மோசம். சாற்றில் சுமார் ஐந்து சதவீதம் சிட்ரிக் அமிலம். பழம் சுருங்கி விழும்வரை விடாமல் அன்று மாலையே எடுத்து, முனையைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

மெழுகு எப்படிச் செய்வது?

தேன்மெழுகு 50 கிராம், லிக்விட் பாரஃபின் 200 கிராம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து மெழுகைச் சீவிப் போடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும், அதனால் வெந்நீர்ச் சூடே போதும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். உருகியதும் பாரஃபினைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, அகல வாய் டப்பாவில் ஆறவிடுங்கள். வெண்ணெய் பதத்தில் நிற்கும். சித்திரை வெயிலில் இளகினால் அடுத்த முறை மெழுகை 60 கிராமாகக் கூட்டுங்கள்.

பட்டாணி அளவு எடுத்து அலகில் தேய்த்து, பத்து நிமிஷம் கழித்து வேறு துணியால் மெருகேற்றுங்கள். வடியாது, தூசி ஒட்டாது. பூட்டிய அறையில் வருஷம் முழுக்க நிற்கும் ஆயுதத்துக்கு எண்ணெயைவிட இதுவே எங்கள் முதல் தேர்வு.

எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

ஊரைப் பொறுத்தது. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வருஷம் முழுக்க அடிக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் விழும்போது அதே பதினைந்து நாள், மற்றபடி மாதம் ஒரு முறை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரி போன்ற உள்பகுதிகளில் ஐப்பசி முதல் மார்கழிவரை மாதம் ஒரு முறை, கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் திறக்கிற கோயிலாக இருந்தால், யாராவது ஒருவரிடம் சாவியைக் கொடுத்து ஐப்பசி முதல் வாரத்திலும் தை முதல் வாரத்திலும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் வந்து சேரும்போது பார்த்தால், மழைக்காலம் தன் வேலையை முடித்து மூன்று மாதம் ஆகியிருக்கும்.

உறையிலேயே போட்டு வைக்கலாமா?

நீண்ட நாளுக்கு வேண்டாம். தோல் உறையில் பதனிட்ட உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், அது ஈரத்தையும் குடிக்கும். வெல்வெட் சுற்றிய மர உறையில் பசை ஈரம் பிடிக்கும். காயாத மரத்தில் செய்த உறை, மரம் காயும்போது அமில ஆவியை விடும். உறையை ஊர்வலத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் அலகைத் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். உறைக்குள் எண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். உள்ளே மணலும் துருத்தூளும் சேறாகி, உருவும்போதும் செருகும்போதும் அலகைக் கீறும்.

எதில் சுற்றுவது, எங்கே வைப்பது?

உரச்சாக்கில் சுற்றாதீர்கள். எத்தனை சொன்னாலும் நடக்கிற தவறு இது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பின் தம்பி. சாக்கை உதறினாலும் இழைக்குள் இருக்கும். யூரியாச் சாக்கும் ஈரத்தை இழுக்கும். செய்தித்தாளும் வேண்டாம், அந்தக் காகிதத்தில் அமிலம் உண்டு.

எண்ணெய் பூசிய அலகை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் உறையைத் தளர்வாக, வாய் திறந்தபடி போடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் வேர்க்கும். தகரப் பெட்டியில் வைப்பதானால் அடியில் இரண்டு மரச்சட்டம் போட்டு அலகை அதன்மேல் படுக்க வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளில், நிறம் மாறும் வகையை நூறு கிராம் துணிப்பையில் கட்டிப் போடலாம். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உலரும்.

இடம்: கருங்கல் சுவரிலோ தரையிலோ நேரே சாய்க்கக் கூடாது. மழைக்காலத்தில் கல் வேர்ப்பதைக் கருவறையில் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர், இன்வெர்ட்டர் பேட்டரி இவை இருக்கும் அறையில் இரும்பை வைத்தால், பாட்டில் மூடியிருந்தாலும் கசியும் ஆவியிலேயே சில வாரத்தில் துரு பூக்கும். கோயில் சாமான் அறையில் வாளியும் விளக்குமாறும் ஆசிட்டும் வல்லயமும் ஒன்றாகக் கிடப்பது சாதாரணம். ஆசிட்டை வெளியே எடுங்கள்.

துரு ஏறிவிட்டது. எப்படி எடுப்பது?

முதலில் என்ன துரு என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடி ஒட்டுகிறதா? அது வளர்கிற துரு. கறுப்பாக, வழவழப்பாக, துணியில் ஒட்டாமல் இருக்கிறதா? அது பெரும்பாலும் அடங்கிய பழைய படிவு, அடியில் உள்ள இரும்புக்கு ஒரு போர்வை. அதை எடுக்க வேண்டியதில்லை.

வளர்கிற துருவுக்கு மிக மென்மையான வழியில் தொடங்குங்கள். எண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒரு ராத்திரி போட்டு வைத்து, காலையில் பித்தளைத் துண்டாலோ மூங்கில் சிம்பாலோ சுரண்டுங்கள். பித்தளை எஃகைவிட மென்மையானது, துருவைக் கிளப்பும், அலகைக் கீறாது. பாதி வேலை இதிலேயே முடியும்.

போகாவிட்டால் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை (இரும்பு இழைப் பஞ்சு) எண்ணெயில் தோய்த்துத் தேயுங்கள். அதற்கும் போகாத சாதாரண அரிவாளுக்கு மட்டும் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள், நம்பர் கூடக்கூட மென்மை): 400-ல் தொடங்கி 600, 800, 1000, மெருகு வேண்டுமானால் 1500. ஒவ்வொரு நம்பருக்கும் முந்தின நம்பரின் கோடு மறையும்வரை தேய்க்க வேண்டும். தாளை ஒரு சமமான மரக்கட்டையில் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் துரு இருந்த இடத்தில் பள்ளம் விழும். 400-க்குக் கீழே போக வேண்டாம். கிரைண்டர், கம்பி பிரஷ் மாட்டிய டிரில் இரண்டும் அலகைச் சுட்டுப் பதத்தை எடுக்கும், ஓரங்களை உருட்டும்.

முடிந்ததும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அன்றே எண்ணெய். துரு எடுத்த புது இரும்பு குழந்தை போல, ஒரு ராத்திரி ஈரக் காற்றே அதற்கு அதிகம். குழிக்குள் மிஞ்சிய கறுப்பை விட்டுவிடுங்கள். குழியின் ஆழம்வரை தேய்த்து எடுக்கப் போனால் வாள் மெலியும்.

புளி, எலுமிச்சை, வினிகர் போட்டு ஊறவைத்தால் துரு போய்விடுகிறதே?

போகும். துருவோடு நிற்காமல் இரும்பையும் சேர்த்துத் தின்னும். வாய் மெல்லியதாக இருப்பதால் அங்கே முதலில் அரிக்கும். கழுவி வைத்த அரை மணியில் மஞ்சளாகப் புதுத் துரு பூக்கும். தோட்டத்து மண்வெட்டிக்கு வேண்டுமானால் செய்யலாம், உடனே சோடா உப்புத் தண்ணீரில் அலசி நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். வாளுக்கு வேண்டாம்.

எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மழை வந்தால் அதே இடத்தில் பழுப்பு நீர் முத்து முத்தாக நிற்கிறது. என்ன அது?

இரும்பு வேர்க்கிறது. குழிக்குள் உப்பு தங்கிவிட்டது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துளியாகத் திரட்டுகிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டிக் கடற்கரைவரை போய்வந்த சூலம், வாள்களில் இதை அதிகம் காணலாம். எண்ணெய் இதை நிறுத்தாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் (பேட்டரிக்கு ஊற்றுவது) அலகை மட்டும் ஊறப்போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் உப்பைக் கரையவிட வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குழியை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். மேலே புதுத் துரு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம், அது எளிதில் போகும். பிறகு வெயில், ஸ்பிரிட், மெழுகு. பழைய, அரிய வாளுக்கு இதைச் செய்யாதீர்கள், அடுத்த பதிலைப் பாருங்கள்.

பரம்பரையாக வந்த பழைய வாள். பளபளப்பாக்கலாமா?

கை வைக்காதீர்கள். பழைய உருக்கு எஃகில் செய்த சில அலகுகளில் நீரோட்டம் போல வரி ஓடியிருக்கும், எழுத்தோ தங்கக் கம்பிப் பதிப்போ துருவுக்கு அடியில் இருக்கலாம். வாட்டர் பேப்பர் ஒரே சாயங்காலத்தில் அதை அழித்துவிடும், திரும்ப வராது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. அத்தகைய பழம்பொருளில் துருவுக்குள்தான் பழைய உருவமே நிற்கும், துருவை உரித்தால் உருவமும் போகும்.

உங்களுடையது நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாகத் தோன்றினால் தூசியைத் துடைத்து, மெல்லியதாக லிக்விட் பாரஃபின் தடவி, அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். திருநெல்வேலியிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

பித்தளைப் பிடியும் அலகும் சேரும் இடத்தில் பச்சையாகப் பசை போலக் கட்டுகிறது.

தேங்காய் எண்ணெயின் அமிலம் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து உண்டாகும் பச்சை அது. குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள், இனி லிக்விட் பாரஃபின் மட்டும் பூசுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதையும் நிறுத்துங்கள். புளிக்கரைசல் இடுக்கில் இறங்கி, பிடிக்குள் செருகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத அலகின் காம்பை அரிக்கும்.

பிடி லேசாக ஆடுகிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

ஆகாது, இதை அலட்சியப்படுத்தவும் கூடாது. பிடிக்குள் செருகிய காம்பு துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பெருத்து முதலில் பிடியைப் பிளக்கும், பிறகு தூளாகி உதிர்ந்து காம்பைத் தளர்த்தும். சாமி வந்து ஆடும்போது அலகு கழன்று கூட்டத்துக்குள் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கு ஒரு மாதம் முன்பே சோதியுங்கள். பிடியை இறுக்கிப் பிடித்து, அலகின் முதுகை உள்ளங்கையால் தட்டுங்கள். கணீரென்று ஒரே ஒலி வந்தால் நல்லது. கடகடவென்று அதிர்ந்தாலோ பிடிவாயில் செந்தூள் உதிர்ந்தாலோ பட்டறை ஆசாரியிடம் கொண்டுபோய்ப் பிடியைக் கழற்றிக் காம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அரக்கு ஊற்றிப் பொருத்திய பிடியாக இருந்தால் வெந்நீரில் போட்டு நீங்களே கழற்ற முயல வேண்டாம்.

வாழை வெட்டினால் அரிவாள் கறுத்துப்போகிறது. துருவா?

இல்லை. வாழைச்சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது, கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவது போல. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், சாற்றை மட்டும் கழுவுங்கள். பனையேறிகளின் பாளை அரிவாளில் நிலைமை வேறு. பதநீரின் இனிப்பு அலகில் காய்ந்தால் ஈரத்தை இழுக்கும், புளித்து அமிலமும் ஆகும். அன்றன்று தண்ணீரில் துடைத்து, தீட்டிய பிறகு வாயில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் இழுத்துவிட்டால் போதும்.

எவர்சில்வர் வாளுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் எவர்சில்வர். அதற்கும் கடல் உப்பு ஆகாது, ஊசி முனை அளவு புள்ளிகள் விழும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளிலும் கொஞ்சம் குரோமியம் இருக்கும், ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அது துருவைத் தடுக்காது.

சுருள்வாளை (வளையும் மெல்லிய தகட்டு வாள்) சுருட்டியே வைக்கலாமா?

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் ஈரம் நிற்கும், பார்க்கவும் முடியாது. நீளமாகத் தொங்கவிடுங்கள். இடமில்லை என்றால் பெரிய வட்டமாகத் தளரச் சுற்றி, மாதம் ஒரு முறை விரித்துத் துடைத்துப் பூசுங்கள். மெல்லிய தகட்டில் சின்னக் குழி விழுந்தாலும் வளையும்போது அங்கேதான் ஒடியும். குழி விழுந்த சுருள்வாளைச் சுழற்றவே கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய ஆயுதங்களைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது எத்தனையோ வீடுகளிலும் கோயில்களிலும் இரும்புச் சாமான்கள் சேற்றுக்குள் கிடந்தன. சேறு காய்வதற்குள் கழுவுங்கள், காய்ந்தால் துருவோடு இறுகும். கழுவ நேரமில்லை என்றால் வெளியே எடுத்துக் காற்றில் பாதி ஈரமாகப் போடாதீர்கள், அதுதான் துருவுக்கு மிகப் பிடித்த நிலை. நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியபடியே ஒரு நாள் வைத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக் காயவைத்து ஸ்பிரே அடித்து எண்ணெய் பூசுங்கள். உறைகளைத் தனியே கழற்றி நிழலில் காயவையுங்கள்.

சட்டப்படி வாள் வைத்திருக்கலாமா?

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஆயுதமாகக் கருதப்படும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை இதில் சேரா. கோயில் ஆயுதங்களைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, பட்டறைக்கோ ஊர்வலத்துக்கோ கொண்டுபோகும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

கொடைக்கு முந்தின நாள் எண்ணெயை முழுக்க எடுத்துவிட வேண்டுமா?

அலகில் உள்ள மெல்லிய பூச்சு இருக்கட்டும், அன்று ராத்திரி சந்தனத்துக்கும் சாற்றுக்கும் நடுவே அதுதான் நிற்கப் போகிறது. பிடியில் மட்டும் ஒரு துளி எண்ணெய் இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்து, பருத்திக் கயிறோ துணியோ புதிதாகச் சுற்றி, ஈரக்கையால் பிடித்து வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் சுற்றைப் பிரித்து மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள்.